கொழிஞ்சாம்பாறையா, பொள்ளாச்சியா? எழுத்து தடுமாறும் பிள்ளைக்குப் பள்ளி பார்ப்பது

சாயங்காலம் பால் அளக்கும் நேரத்தில் என் மகன் சொசைட்டிக்கு வந்துவிடுவான். யார் கேனைத் தூக்கிக்கொண்டு படி ஏறினாலும், அவர் வாய் திறக்கும் முன்பே அவருடைய மெம்பர் நம்பரைச் சொல்லிவிடுவான். ஆறேகால் லிட்டர், லிட்டருக்கு இவ்வளவு என்றால் மொத்தம் எவ்வளவு என்று, நான் மெஷினில் தட்டி முடிப்பதற்குள் மனக்கணக்காகச் சொல்வான். அதே ஆளின் பால் அட்டையைக் கையில் கொடுத்து, மேலே எழுதியிருக்கும் பெயரை வாசி கண்ணு என்றால் முகம் மாறிவிடும். முதல் எழுத்தைப் பார்ப்பான். அப்புறம் என் முகத்தைப் பார்ப்பான். அப்புறம் அந்த எழுத்தில் தொடங்கும் ஏதோ ஒரு பெயரைச் சொல்வான்.

அவனுக்கு இருப்பது கற்றல் குறைபாடு. அதிலும் வாசிப்பையும் எழுத்தையும் பிடித்துக்கொள்ளும் வகை, டிஸ்லெக்ஸியா. இரண்டு வருடத்துக்கு முன்பு அவன் நான்காம் வகுப்பு முடிக்கும் சமயத்தில், அடுத்து எங்கே சேர்ப்பது என்று நாங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கேரளாவில் எல்.பி. பள்ளி நான்காம் வகுப்போடு முடிந்துவிடும். ஐந்தாம் வகுப்புக்கு யு.பி. பள்ளி தேட வேண்டும். அதனால் முடிவைத் தள்ளிப்போட வழியில்லை. பாலக்காடு மாவட்டத்தில், எங்கள் கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் முழுக்க எங்களைப் போன்ற குடும்பங்கள்தான். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், பெரிய ஆஸ்பத்திரி என்றால் கோயம்புத்தூர். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எந்தச் செக்போஸ்டைத் தாண்டினாலும் பாடத்திட்டம் மாறும், தேர்வு மாறும், இந்தப் பிள்ளைகளுக்கான சலுகையும் மாறும். அந்த வித்தியாசங்களை ஒன்றாக வைத்து எங்களுக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

பள்ளிக்குப் போவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். கற்றல் குறைபாடு வேறு, அறிவுத்திறன் குறைபாடு வேறு. புத்தி எல்லாரையும் போலவே இருந்தும், எழுத்தையும் ஒலியையும் இணைப்பது மாதிரி ஏதோ ஒரு இடத்தில் மட்டும் மூளை சிரமப்படுவது கற்றல் குறைபாடு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. பக்கத்துப் பஞ்சாயத்தில் இருக்கும் பட்ஸ் பள்ளியில் சேர்க்கலாமே என்று நல்ல மனசோடு எங்களிடம் சொன்னவர்கள் உண்டு. பட்ஸ் பள்ளிகள் அருமையான வேலை செய்கின்றன. ஆனால் அவை அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக ஏற்பட்டவை. வாசிப்பு மட்டும் வராத பிள்ளையை அங்கே சேர்த்தால், அந்தப் பிள்ளைக்குத் தேவையானது கிடைக்காது. அந்த இடம் தேவைப்படும் இன்னொரு பிள்ளைக்கும் இடம் போய்விடும்.

கண், காது இரண்டையும் முதலில் பார்த்துவிடுங்கள். கண்ணாடி போட்டால் டிஸ்லெக்ஸியா சரியாகாது. ஆனால் கண்ணில் கோளாறு இருந்து, அதை டிஸ்லெக்ஸியா என்று நினைத்து இரண்டு வருடம் போனால் அதுவும் வீண்தானே.

அப்புறம் பரிசோதனை. இங்கேதான் எங்களுக்கு முதல் அடி விழுந்தது. முதலில் பார்த்த இடத்தில் கேள்வி முழுக்க மலையாளத்தில் கேட்டார்கள். என் மகன் அப்போது தமிழ் மீடியத்தில் மூன்றாம் வகுப்பு. கடையில் மிட்டாய் வாங்கும் அளவுக்கு மலையாளம் பேசுவான். இடம், வலம், முந்தைய படம், பிந்தைய படம் என்று வரிசையாகக் கேட்டால் பாதி புரியாது. ரிப்போர்ட்டில் பொதுவாகவே புத்தி மந்தம் என்கிற மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளைப் பார்த்த அன்று என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. ஐந்து மாதம் கழித்து கோயம்புத்தூரில் ஒரு சைக்காலஜிஸ்ட் தமிழில் உட்கார வைத்துப் பார்த்தார். நுண்ணறிவு நன்றாகவே இருக்கிறது, வாசிப்பும் எழுத்தும் இரண்டு வகுப்பு பின்தங்கியிருக்கிறது என்றார். ஒரே பையன்தான், பரிசோதித்த மொழிதான் வேறு. அதனால் எந்த ஊரில் காட்டினாலும், பிள்ளை எந்த மொழியில் படிக்கிறதோ அந்த மொழியில் பரிசோதிப்பீர்களா என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். மலையாளம் மீடியம் பிள்ளை என்றால் ஷொர்ணூர் பக்கம் கவளப்பாறையில் இருக்கும் ஐகான்ஸ் நமக்குப் பக்கம். இந்த மாதிரிக் குறைபாடுகளுக்காகவே இருக்கும் அரசு நிறுவனம் அது.

கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை மட்டும் வசிக்கும் மாவட்டத்தில் எடுப்பது நல்லது. நமக்கு அது பாலக்காடு மெடிக்கல் போர்டு. அப்படி எடுத்தால் பொள்ளாச்சிப் பள்ளியில் செல்லாது என்று ஒரு பேச்சு இங்கே இருக்கிறது. அது தவறு. சட்டத்தின் 58-ஆம் பிரிவே இந்தச் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும் என்கிறது. எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வரி ரொம்ப முக்கியம். எட்டு வயதுக்கு முன்னால் கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் தரமாட்டார்கள். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்ப்பார்கள். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் எட்டு வயதுவரை சும்மா இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. சான்றிதழ் தேர்வுச் சலுகைக்குத்தான். சொல்லிக்கொடுப்பதை எந்த வயதிலும் தொடங்கலாம்.

எத்தனை எழுத்து?

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இருக்கும் தனிக் கஷ்டம் இது. கேரளாவில் தமிழ் மீடியம் படிக்கிற பிள்ளை தமிழ், ஆங்கிலம், மலையாளம், ஐந்தாம் வகுப்பிலிருந்து இந்தி என்று நான்கு எழுத்து முறைகளைச் சுமக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு அது வரம். நான்கு பாஷை தெரிந்த பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும். ஒரே ஒரு எழுத்து முறையே வசப்படாத பிள்ளைக்கு நிலைமை வேறு. மலையாளத்து ‘ட’ பார்க்க ஆங்கில எஸ் மாதிரியே இருக்கும். மலையாளத்தில் ‘ப’வும் ‘வ’வும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். தமிழில் ஒரே ‘க’ எல்லா ஒலிக்கும் போதும்; மலையாளத்தில் அதற்கு நான்கு எழுத்து. இதற்கிடையே என் மாமனார் பேரனுக்குச் சொல்லித் தருகிறேன் என்று உட்கார்ந்து, 1978-இல் எழுத்து சீர்திருத்தம் வருவதற்கு முன் அவர் படித்த பழைய கொம்பு போட்ட ‘லை’யையும் ‘னை’யையும் எழுதிக் காட்டினார். பிள்ளை அழவே தொடங்கிவிட்டான். பாவம், அவர் என்ன செய்வார்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிதான். தமிழ், ஆங்கிலம், அவ்வளவுதான். இரண்டு எழுத்து முறை குறைகிறது. எங்கள் ஒப்பீட்டில் பொள்ளாச்சி முதலில் முன்னுக்கு வந்தது இதனால்தான்.

பொள்ளாச்சிப் பள்ளி

பொள்ளாச்சியில் என் அண்ணன் வீடு இருக்கிறது. “இங்க கொண்டு வந்து உடு அம்மணி, நாங்க பாத்துக்கறோம்” என்று அண்ணனும் அண்ணியும் சொன்னார்கள். அரசு உதவி பெறும் தமிழ் மீடியம் பள்ளி ஒன்றைப் போய்ப் பார்த்தோம். பத்தாம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்தே தாள். ஒவ்வொன்றிலும் 35 எடுத்தால் தேர்ச்சி. டிஸ்லெக்ஸியா சான்றிதழ் இருந்தால் ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு கேட்கலாம். கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. பிள்ளை சொல்வதை எழுதுபவர் (ஸ்க்ரைப்) உண்டு. வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு வந்து போவார். காகிதத்தில் எழுதி வைத்துப் பார்த்தால் இதற்கு மேல் வேண்டியதில்லை.

கேரளாவில் எஸ்.எஸ்.எல்.சி.க்கு மொழிக்கு மட்டுமே நான்கு தாள், மொத்தம் பத்து. எண்ணிக்கையைப் பார்த்தால் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளையை யார்தான் இங்கே வைத்திருப்பார்கள்?

ஆனால் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். அந்தக் கோடை லீவில் பத்து நாள் பொள்ளாச்சியில் ஒரு ஓவிய வகுப்புக்கு அவனைப் பஸ்ஸில் அனுப்பிப் பார்த்தோம். பள்ளி நேரத்தை மனசில் வைத்து, காலையில் ஏழே காலுக்குக் கிளம்பி சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்புகிற மாதிரி. படம் வரைவது அவனுக்கு உயிர். அப்படியிருந்தும் மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுந்தான். ஐந்தாம் நாள் வீட்டில் வாசிப்புப் பயிற்சிக்கு வைத்திருக்கும் பெட்டியை எடுத்தபோது “நாளைக்கும்மா” என்றான். ஆறாம் நாளும் அதையே சொன்னான்.

எங்களுக்கு விஷயம் அப்போதுதான் பிடிபட்டது. இந்தப் பிள்ளைக்கு மருந்து என்று ஒன்று இருந்தால், அது தினமும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்தையும் ஒலியையும் வரிசை தப்பாமல் சேர்த்துச் சொல்லித் தரும் அந்த முக்கால் மணியோ ஒரு மணியோதான். வாரத்தில் ஐந்து நாள், வருடக் கணக்கில். எந்தப் பள்ளியும் அந்த ஒரு மணி நேரத்தை முழுதாகத் தருவதில்லை. சிறப்பாசிரியர் ஒருவருக்கே பல பள்ளிகள் இருக்கும்போது அவராலும் முடியாது. அப்படியென்றால் அந்த நேரம் வீட்டில்தான் கிடைக்க வேண்டும். பொள்ளாச்சி பஸ் அந்த மணி நேரத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். இரண்டு எழுத்து முறை குறைகிறது, சரி. கூடவே அந்த ஒரு மணி நேரமும் போகிறது.

அண்ணன் வீட்டிலேயே தங்க வைக்கலாம் என்பது அடுத்த யோசனை. அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் நன்றாகப் படிப்பவர்கள். அந்த வீட்டில் சாயங்காலம் இவன் மட்டும் எழுத்துக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒன்பது வயதில், அம்மாவையும் விட்டு, தன்னைவிட வேகமாக வாசிக்கும் பிள்ளைகளுக்கு நடுவில். எனக்கு மனசு ஒப்பவில்லை. அண்ணியும் யோசித்துப் பார்த்து, “நீ சொல்றது சரிதான் அம்மணி” என்றார்.

அந்த ஒரு மணி நேரம் எப்படி இருக்கும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டியூஷன் என்று சொல்லிப் பலர் ஏமாந்துபோகிறார்கள். டியூஷனில் அன்றைய வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுப்பார்கள். நான் சொல்வது அதுவல்ல.

எங்கள் பள்ளிக்கு வரும் பி.ஆர்.சி. (வட்டார வள மையம்) டீச்சர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முறை இது. ஒரு தாம்பாளத்தில் ராகியைப் பரப்பி வைத்துக்கொள்வோம். அன்றைக்கு ‘ந’ என்றால், முதலில் வாயால் சொல்ல வேண்டும். நாக்கு எங்கே தொடுகிறது? மேல் பல்லில். சரி, ‘ன’? பல்லுக்குக் கொஞ்சம் மேலே, ஈறில். ‘ண’? நாக்கு வளைந்து அண்ணத்தில். மூன்றையும் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லி, நாக்கு தொடும் இடத்தைத் தானே உணர்ந்து, அப்புறம் ராகியில் விரலால் பெரிதாக எழுத வேண்டும். எழுதும்போதே ஒலியைச் சொல்ல வேண்டும். ல, ள, ழ-வுக்கும் இதேதான். வாய், காது, விரல், கண் நான்கும் ஒரே சமயத்தில் ஒரே எழுத்தைப் பிடிக்கின்றன. இரண்டு சுழி, மூன்று சுழி என்று மூன்று வருடம் மனப்பாடம் செய்தும் நிற்காதது, நாக்கின் இடத்தைக் காட்டியதும் நின்றது.

அடுத்து கொம்பும் காலும். ‘கொ’ என்று நாம் ஒரே மூச்சில் வாசிக்கிறோம். இவன் கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். ஒலியோ க-வில் தொடங்குகிறது. கண் போகும் வரிசையும் ஒலி வரும் வரிசையும் வேறு. அதனால்தான் ‘கொடி’யை ‘கெடா’ என்கிற மாதிரி ஏதோ சொல்வான். டீச்சர் அட்டையை வெட்டி, ‘க’ ஒரு துண்டு, கொம்பு ஒரு துண்டு, கால் ஒரு துண்டு என்று கொடுத்தார். க-வை நடுவில் வை. இப்போது இடது பக்கம் கொம்பு, வலது பக்கம் கால். என்ன ஒலி? அதே கொம்பையும் காலையும் ‘ப’வுக்கு மாட்டு. என்ன ஒலி? இப்படி மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றி, உயிர்மெய் 216-ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, 18 மெய்யும் 12 உயிரும் போதும் என்று அவனுக்கே ஒருநாள் புரிந்தது. அன்றைக்கு அவன் அந்த அட்டைகளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினான்.

இதைச் செய்ய பி.எட். படித்திருக்க வேண்டும் என்றில்லை. நான் பத்தாம் வகுப்புதான். பொறுமையும், வாரம் ஒருமுறை சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும் இருந்தால் போதும். அந்த ஆள் நம் மொழியில் பேசுபவராக இருக்க வேண்டும். எங்கள் டீச்சருக்குத் தாய்மொழி தமிழ். கேரளாப் பக்கம் நாங்கள் தங்கியதற்கு அது ஒரு பெரிய காரணம்.

ஆங்கில மீடியம்

இதை ஏற்கெனவே அனுபவித்துவிட்டுத்தான் வந்தோம். ஒன்றும் இரண்டும் ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில்தான் படித்தான். பள்ளிப் பெயர் வேண்டாம். தப்பாக எழுதிய சொல்லை இருபது முறை இம்போசிஷன் எழுத வைப்பார்கள். இருபது முறையும் அதே தப்போடு எழுதிக்கொண்டு வருவான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி காய்ச்சல் வர ஆரம்பித்தது. திங்கள்கிழமை லீவு என்றால் காய்ச்சலும் வராது. அதைப் பார்த்த பிறகு ஒரு நாள்கூட வைத்திருக்கவில்லை.

எல்லா ஆங்கிலப் பள்ளியும் இப்படி என்று சொல்லமாட்டேன். சி.பி.எஸ்.இ. விதிகள் நல்லவைதான். பத்தாம் வகுப்பில் இரண்டு மொழிக்குப் பதில் ஒரு மொழி எடுத்தால் போதும், மூன்று மணி நேரத் தேர்வுக்கு இன்னொரு மணி நேரம் கிடைக்கும், ஸ்க்ரைப் உண்டு. பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ நல்ல சிறப்பாசிரியரை முழுநேரமாக வைத்திருக்கும் பள்ளி கிடைத்து, வசதியும் இருந்து, வீட்டிலும் ஆங்கிலம் புழங்கினால் யோசிக்கலாம். வீட்டில் யாரும் பேசாத மொழியில், ஒலிக்கும் எழுத்துக்கும் இவ்வளவு இடைவெளி இருக்கும் மொழியில், டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளையை முதலில் வாசிக்கக் கற்றுக்கொள்ளச் சொல்வது சரியில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடும். முதலில் அங்கே கால் ஊன்றட்டும். ஆங்கிலம் பின்னால் வரட்டும்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி

என்.ஐ.ஓ.எஸ். பற்றி நிறையப் பேர் சொன்னார்கள். பத்தாம் வகுப்புக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். ஐந்து பாடம் போதும், ஒரு மொழி இருந்தால் போதும், கணக்கு கட்டாயமில்லை. ஓவியம், மனையியல் மாதிரிப் பாடம்கூட எடுக்கலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டாம். ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம். வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு நடக்கும். ஒன்பதாம் வகுப்பில் உடைந்துபோன பிள்ளைக்கு இது உண்மையிலேயே கை கொடுக்கும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது தேவையில்லை. பள்ளி என்பது பாடம் மட்டுமில்லை. கூட விளையாட ஆள், மத்தியானம் சேர்ந்து சாப்பிட ஆள். அதைக் கையில் வைத்துக்கொண்டே இதைக் கடைசிக் கதவாகத் திறந்து வைத்திருக்கிறோம்.

சென்னையில் 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் மாதிரி, இந்தப் பிள்ளைகளுக்கென்றே முழுநேரமாகச் சொல்லிக்கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. அங்கே குடிபெயர எங்களால் முடியாது. முடிகிறவர்கள் ஒரு வருடம் போய் வந்தால் நல்லது.

நாங்கள் எடுத்த முடிவு

வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத்தில் இருக்கும் தமிழ் மீடியம் யு.பி. பள்ளியிலேயே சேர்த்தோம். மாமியார் கடைசிவரை, “அவனுக்குப் படிப்பு ஏறலைன்னா உடு அம்மணி, தோப்பைப் பாத்துக்குவான்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். தோப்பைப் பார்க்கட்டும். காயைக் கொடுத்துவிட்டு வியாபாரி நீட்டும் சீட்டை வாசித்துவிட்டுப் பார்க்கட்டும்.

சேர்க்கும் முன் ஹெச்.எம்.மிடம் உட்கார்ந்து பேசினேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்றபடி சொல்லிக்கொடுப்பது பள்ளியின் கடமை என்கிறது. 17-ஆம் பிரிவு தேர்வில் கூடுதல் நேரம், ஸ்க்ரைப், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு எல்லாவற்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இந்த இரண்டு பிரிவையும் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். சண்டைக்கு இல்லை, கேட்பதைத் தெளிவாகக் கேட்பதற்கு. நான் கேட்டது நான்கு. வகுப்பில் எல்லார் முன்னாலும் அவனை உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டாம். கேள்வியை ஒருவர் வாசித்துக் காட்டட்டும், பதிலை வாயால் சொல்லட்டும். கரும்பலகையைப் பார்த்து எழுத முடியாததை அடுத்த பிள்ளையின் நோட்டிலிருந்து போட்டோ எடுத்துக்கொள்கிறோம். மலையாளமும் இந்தியும் இப்போதைக்குக் காதால் கேட்டுப் பேசினால் போதும், எழுத்துக்கு அவசரப்பட வேண்டாம். ஹெச்.எம். மாஷ் ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு, நான்காவதுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். கேரளாவில் மலையாளம் எல்லாப் பள்ளியிலும் கட்டாயம் என்று 2017-இல் சட்டம் வந்திருப்பதால் அவருக்கும் தயக்கம். பின்பு, வகுப்பில் உட்காரட்டும், எழுத்துத் தேர்வில் கெடுபிடி வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார்.

கேரளப் பாடமுறையில் எனக்குப் பிடித்தவையும் உண்டு. ரேங்க் இல்லை, கிரேடுதான். தேர்வில் எழுதத் தொடங்கும் முன் கேள்வித்தாளை வாசிக்க 15 நிமிடம் கூல் ஆஃப் டைம் எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்கிறார்கள். மெதுவாக வாசிக்கும் பிள்ளைக்கு அந்த 15 நிமிடம் எவ்வளவு பெரிது! கவலைப்படுத்துவதும் உண்டு. 2024-25 முதல் எட்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்வில் பாடத்துக்கு 30 விழுக்காடு எடுக்க வேண்டும் என்று கொண்டுவந்திருக்கிறார்கள்.

இதே கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. என் நாத்தனார் மீனாட்சிபுரத்தில், எல்லையை ஒட்டியே இருக்கிறார். அவர் மகளுக்கும் இதே பிரச்சினை. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் பள்ளி அவர்களுக்கு நடந்து போகிற தூரம். அந்த ஒரு மணி நேரம் எங்கேயும் போகாது. நான்கு எழுத்து இரண்டாகக் குறையும். நான் யோசிக்காமல் அங்கே சேர்க்கச் சொன்னேன். ஆறாம் வகுப்பில் அங்கே எல்லாப் பிள்ளைகளும் புதிதாக வந்து சேரும் நேரம் என்பதால், வேறு மாநிலத்திலிருந்து வந்தவள் என்று தனித்தும் தெரியவில்லை. கேரளாவில் நான்காம் வகுப்பு முடித்து அங்கே போனால் ஐந்தாம் வகுப்பு தொடக்கப் பள்ளியில் ஒரு வருடம் இருந்துவிட்டு மறுபடி பள்ளி மாற வேண்டிவரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டி.சி. தர இழுத்தடித்தால், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ, வேறு மாநிலமே ஆனாலும், மாறுவது பிள்ளையின் உரிமை. டி.சி. வரத் தாமதம் என்று சொல்லி அந்தப் பள்ளியும் சேர்க்க மறுக்கக் கூடாது. ஆனால் அந்தச் சட்டம் எட்டாம் வகுப்புவரை, 14 வயதுவரைதான். ஒன்பதாம் வகுப்பில் பள்ளி மாற்றுவது பற்றி என்னிடம் கேட்டால், வேண்டாம் என்பேன். இருக்கிற இடத்திலேயே சான்றிதழை வாங்கி, ஸ்க்ரைபையும் கூடுதல் நேரத்தையும் உறுதி செய்யுங்கள். ரொம்பவே முடியவில்லை என்றால் திறந்தநிலைப் பள்ளி.

இப்போது என் மகன் ஆறாம் வகுப்பு. இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறான். நான்காம் வகுப்புப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிறான். பால் அட்டையில் 40 பேரின் பெயரை உண்மையாகவே வாசிக்கிறான். முன்பு நம்பரைப் பார்த்துப் பெயரைச் சொல்லி என்னை ஏமாற்றுவான். அதனால் நம்பரைக் கையால் மறைத்துக்கொண்டு காட்டுகிறேன்.

யு.பி. ஏழாம் வகுப்போடு முடிகிறது. எட்டாம் வகுப்புக்கு ஹைஸ்கூல் பார்க்கும்போது இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும். அப்போது அவனுக்கு 13 வயது இருக்கும், பொள்ளாச்சி பஸ்ஸில் தூங்கி விழாமல் போய்வருவானோ என்னவோ. அந்த ஏப்ரல் லீவிலும் பத்து நாள் அனுப்பிப் பார்ப்பதாக இருக்கிறோம். 14 வயது மறுபரிசோதனை ஒன்பதாம் வகுப்பில் வரும். எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பே புதுச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்பதால், தேதியை இப்போதே சொசைட்டிக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.